எப்சிபாவின் குழல்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டி. நம் பேராலயத்துக்கு ஒரு புதிய பைப் ஆர்கன் வாங்குவதென்று ஒருமனதாக முடிவாயிற்று. இதே முடிவை இதற்கு முன்பும் பலமுறை ஒருமனதாக எடுத்திருக்கிறோம். இந்தத் தடவை வித்தியாசம் என்னவென்றால் ஆர்கன் செய்பவருக்கு யாரோ போனும் செய்துவிட்டார்கள்.

மாடியில் இருக்கும் பெரிய ஆர்கன் வெள்ளைக்காரர் காலத்தது. அது எலிகளின் பராமரிப்புக்குப் போய் நெடுநாளாகிறது. இடைக்காலத்தில் ஒரு கீபோர்டு எங்களை ஆண்டது. ஒரு பெரிய வெள்ளியன்று அதில் தபேலாப் பொத்தான் தானாக அழுந்திக்கொண்டது. சிலுவைப் பாட்டைச் சபையார் தோளைக் குலுக்காமல் பாடி முடித்ததை அவர்களுடைய விசுவாசத்துக்குச் சான்றாக நான் கருதுகிறேன்.

புதிது, சேம்பர் ஆர்கன். ஒரு வரவேற்பறைக்குள் அடங்குகிற அளவு. இருநூறு சொச்சம் குழல்கள். நாகர்கோவிலில் பட்டறை வைத்திருக்கும் ஜெசிந்தா என்ற அம்மையாரிடம் முக்கால்வாசி முடிந்த ஒன்று இருக்கிறதாம். ஜெர்மனியில் தொழில் படித்தவர்.

கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல், அதிலும் ஒலியியல், நடத்தியவன் என்பதால் என்னை ஆர்கன் கமிட்டிக்கு அமைப்பாளர் ஆக்கினார்கள். மீனைப் பற்றிக் கட்டுரை எழுதியவனிடம் வலையைக் கொடுத்த மாதிரி. மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒவ்வொரு குழலையும் ஒரு குடும்பத்தின் பெயருக்கு அன்பளிப்பாகப் பெறுவதென்று பெயிண்ட் கடை லாசரஸ் அண்ணாச்சி யோசனை சொன்னார். எங்கள் கோயிலில் எல்லாமே வாசிக்கத்தக்கவை. பெஞ்சில் பெயர், கதவில் பெயர், மின்விசிறி இறக்கையில் பெயர். விசிறி சுற்றினால் பெயர் மறைந்துவிடுகிறது என்று ஒரு குடும்பம் வெயில் காலத்திலும் தங்கள் விசிறியை நிறுத்திவைக்கச் சொன்னது உண்டு. பெயரில்லாமல் மிஞ்சியிருந்தது காற்று ஒன்றுதான். இனி அதற்கும் வைத்துவிடலாம்.

அண்ணாச்சிக்கு அவருடைய அப்பா பெயரில் முன்வரிசையில், நடுவில் இருக்கிற ஆகப் பெரிய குழல் வேண்டும்.

"பெருசா இருக்கணும் சார்வாள். வாசல்ல நுழையிறவன் கண்ணுல எங்கப்பாதான் மொதல்ல விழணும்."

என் மனைவி எப்சிபா பெயரில் எனக்கு ஒன்று கேட்டேன். ஆகச் சின்னது. எங்கள் குருவானவர் ஸ்டான்லி ஐயர் (எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம்; நிஜ ஐயர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்) சங்கடப்பட்டார். "சார், அமைப்பாளர் நீங்க. இன்னும் கொஞ்சம் பெருசா..."

குழல் சின்னதாகச் சின்னதாக ஒலி உயரும்; எப்சிபா பாடகர் குழுவில் சோப்ரானோ, உச்சக் குரல். சபை ஆமெனை முடித்து உட்காரத் தொடங்கிய பிறகும் ஒரு கணம் அவள் குரல் மட்டும் மேலே இருக்கும். திருமணத்துக்கு முன் நான் அந்த ஒரு கணத்துக்காகத்தான் கோயிலுக்குப் போனேன். இதை ஐயரிடம் சொல்லவில்லை. "சின்னதே போதும்" என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

குக்கர் அடிப்பிடித்தது. விசில் வரவில்லை. முன்பெல்லாம் தெரு முனைக்குக் கேட்கும். புது வால்வு வாங்கிப் போட்டேன். அதுவும் ஊமை. பொருட்களின் தரத்தைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத உத்தேசம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இந்த வருடம் கொசுக்கள் சத்தமில்லாமல் வருகின்றன. புது இனமாக இருக்கலாம். மாநகராட்சிக்கு எழுதினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து கெசியா போன். என் மகளுக்கு ஒரு நல்ல வேலை, ஒரு நல்ல கணவர், வாய்க்குள்ளேயே பேசுகிற ஒரு பழக்கம். இந்தத் தலைமுறையே அப்படித்தான். "அப்பா, நான் சொன்னதுக்கு என்ன சொல்றீங்க?" என்றதாகப் பட்டது. "சரி, சரி" என்றேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் கேட்டது மதியம் என்ன சமைத்தேன் என்று.

"சரி, சரி" ஒரு நல்ல பதில். எப்சிபா கடைசி இரண்டு வருடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். இருவரும் அமைதியாகவே இருந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. நாற்பது வருடம் பேசித் தீர்த்தவர்களுக்கு வாய்க்கும் மௌனம் என்று நினைத்தேன். போன டிசம்பரில் ஆஸ்பத்திரியில், கடைசிச் சாயங்காலம், அவள் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்து மெல்ல ஏதோ சொன்னாள். "சரி, சரி" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள், தோள் குலுங்க. ஒரு சிரிப்பில் முடிகிற தாம்பத்தியங்கள் எத்தனை இருக்கும்?

செப்டம்பர் 17, செவ்வாய்

ஆர்கன் வந்து இறங்கியது. பார்க்க வந்த கூட்டம் லாரியைச் சுற்றிக்கொண்டது. தேக்கு மரப் பெட்டி, இரண்டு கதவு, ஆள் உயரத்துக்குச் சற்று அதிகம்.

"இது பீரோல்லா?" என்றார் லாசரஸ் அண்ணாச்சி.

"ஆர்கன்" என்றார் ஜெசிந்தா. நாற்பதைத் தாண்டியவர், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, காதில் பென்சில் செருகியிருந்தார்.

"இல்லம்மா, எங்க மூத்த மகளுக்கு சீதனத்துல இதே மாதிரி ஒண்ணு குடுத்தோம். அதுல கண்ணாடியும் உண்டு."

"உங்க மகளுக்கு குடுத்தது பாடுமா அண்ணாச்சி?"

"கதவைத் திறந்தா கத்தும்."

கதவைத் திறந்து, முன்வரிசைக் குழல்களைப் பார்த்ததும் அண்ணாச்சி சமாதானமானார். ஈயமும் தகரமும் கலந்து பளபளக்கிற ஐந்து பெரிய குழல்கள். அவருடைய அப்பா நடுவில் நின்றார்.

பிற்பாடு ஜெசிந்தா என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், அமைப்பாளர்ங்கதுனால உங்ககிட்ட சொல்லுகேன். முன்னாடி நிக்கிற அஞ்சும் அழகுக்கு. சத்தம் வராது. பாடுறது எல்லாம் பின்னால இருக்கு, பெருசெல்லாம் மரக்குழல், சின்னது ஈயக்குழல். வரைபடத்துல எழுதித்தான் குடுத்திருந்தேன். நீங்க படிச்சிருப்பிய."

படிக்கவில்லை. படித்ததாகத் தலையசைத்தேன். அண்ணாச்சியிடம் யாரும் சொல்லவேண்டாம் என்று இருவரும் தீர்மானித்தோம். சபையில் பெரிய இடத்தில் முன்னால் நிற்பவர்கள் வாயே திறக்காமல் இருப்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு.

செப்டம்பர் 18, புதன்

எப்சிபாவின் குழலைப் பார்த்தேன். என் சுண்டுவிரலைவிட மெலிது. அதில் பேசுகிற பாகம் விரல்நகம் அளவுதான் இருக்கும். "அன்பு மனைவி எப்சிபா சற்குணம் நினைவாக" என்று பொறிக்கச் சொல்லியிருந்தேன். அத்தனை இடம் ஏது? "எப்சி" என்பது வரைக்கும் வந்திருந்தது. அவளை அப்படிக் கூப்பிட்டது அவள் அம்மா மட்டும்தான். ஜெசிந்தாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது, இடம் இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

கோயிலுக்குள் விசிறி ஓடக்கூடாது, யாரும் நடமாடக்கூடாது என்று ஜெசிந்தாவின் உத்தரவு. ஒவ்வொரு குழலாகக் குரல் திருத்துகிறார். குழலின் உதட்டை, அதாவது காற்று வெளிவரும் பிளவை, ஒரு சிறு கத்தியால் நெம்பி, ஊதவைத்து, கேட்டு, மறுபடி நெம்பி. கட்டையை அழுத்துவது எங்கள் ஆர்கன் வாசிப்பவர் பியூலா டீச்சர். நான் அமைப்பாளர் நாற்காலியில்.

கீழிலிருந்து மேலே போனார்கள். நடுக்குழல்கள் புல்லாங்குழல் போல, அருமை. அதற்கு மேலே போகப் போக மெலிந்துகொண்டே வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா நின்றார்கள். பியூலா கட்டையில் விரலை வைத்திருக்கிறார், ஜெசிந்தா தலையைச் சாய்த்திருக்கிறார்.

"என்ன, கரண்ட் போச்சா?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இதுதான் சார் மேடத்தோட குழல்" என்றார் பியூலா.

"வாசிங்க."

"வாசிச்சிட்டுதான் சார் இருக்கேன்."

ஒன்றும் வரவில்லை. ஊமைக் குழல். அதைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஐயரையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "நல்லாக் கேக்குது சார், குருவி மாதிரி" என்றார். கேட்காததைக் கேட்டதாகச் சொல்வது அவருடைய தொழிலின் ஒரு பகுதி. குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒலியியல் விசுவாசத்தில் நடப்பதல்ல.

அந்தக் குழல் பேசுகிற வரைக்கும் ஏற்புச் சான்றிதழில் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 25, புதன்

சீக்கிரமே எழுந்தேன். கொய்யா மரத்தில் ஒரு தேன்சிட்டும் இல்லை என்று நினைத்தேன், இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செல்போன் கோபுரத்தால் இவற்றின் குரல் கெடுகிறதா என்று யாராவது ஆராயலாம்.

செப்டம்பர் 28, சனி

ஜெசிந்தா குழலைத் திருத்தி, சத்தத்தைக் கூட்டியிருப்பதாகச் சொன்னார். போனேன். ஊமை.

அக்டோபர் 3, வியாழன்

மறுபடி கூட்டியிருப்பதாகச் சொன்னார். ஊமை. பியூலா டீச்சர் வாசிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பல்வலி போலிருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

பழையதைத் தூக்கிப்போட்டுப் புதிதாகவே ஒன்று வார்த்து வந்திருக்கிறார். 'எப்சி' பொறித்து. இந்த அம்மாளிடம் விடாமுயற்சி இருக்கிறது, திறமைதான் போதவில்லை. கட்டையை அவரே அழுத்தினார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போனது. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார்.

"சார், கோவிச்சிக்கிடாதியோ. ஒரு தடவை காதைக் காட்டிப் பாருங்களேன்."

"யாரிடம்?"

"டாக்டர்கிட்டத்தான். வயசானா மேல உள்ள சத்தம்தான் மொதல்ல..."

"அம்மா," என்றேன், "வயதானால் காது மேலிருந்து கீழாகத்தான் போகும், கூர்மையான ஒலி முதலில் மறையும் என்பதை நான் முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்."

"அதான் சார் சொல்லுகேன்."

"அப்படியானால் எனக்குத் தெரியாமல் போகுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

அக்டோபர் 12, சனி

இன்று ஒரு வேடிக்கை. லாசரஸ் அண்ணாச்சி வந்து, அப்பாவின் குழல் எப்படிப் பேசும் என்று கேட்க ஆசைப்பட்டார். பியூலா டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் ஒரு கட்டையை அழுத்தினார். உள்ளே பின்வரிசையில் இருக்கும் தடித்த மரக்குழல் ஒன்று, கிணற்றடியிலிருந்து கூப்பிடுவது போல, நிதானமாக ஒலித்தது.

அண்ணாச்சி முன்னால் நிற்கும் பளபளப்பான ஊமையின் மேல் உள்ளங்கையை வைத்தார். கண் நிறைந்துவிட்டது.

"அப்படியே எங்கப்பா குரல் சார்வாள். கடையில நின்னு 'ஏலே லாசரு'ன்னு கூப்பிடுவாக பாருங்க, அதேதான். ஒடம்புக்குள்ள எறங்குது."

மனித மனம் விநோதமானது. வராத சத்தத்தை வருவதாக நம்புகிறது! வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். இந்த மனுஷருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். காதைச் சோதிக்கவேண்டியது இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு

பிரதிஷ்டை வருகிற ஞாயிறு என்று பேராயர் நாள் குறித்துவிட்டார். நான் கையெழுத்திடாததால் நிற்கிறது என்று ஐயர் வீட்டுக்கே வந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் வாசலில் வெகுநேரம் காலிங் பெல் அடித்தாராம். பாட்டரி தீர்ந்திருக்கவேண்டும்.

"சார், எங்க எல்லாருக்கும் கேக்குது. ஒங்க ஒருத்தருக்காக அந்த அம்மா மூணு வாட்டி சத்தத்தைக் கூட்டிட்டாங்க. இதுக்கு மேல கூட்டினா..."

"நான் கேட்பது அதிகமில்லை, ஐயரே. பிரதிஷ்டை அன்று அவள் குழல் பேசவேண்டும். அவ்வளவுதான். இருநூறு பேர் பெயர் பேசும்போது அவள் மட்டும் வாய்மூடி நிற்கக்கூடாது."

ஐயர் காப்பியைக் கீழே வைத்தார். "பேசும் சார். நான் ஜவாப்தாரி."

ஒரு சபை முழுவதும் சேர்ந்து ஒரு கிழவனைத் தேற்றப் பார்க்கிறது என்றால் அதை மதிக்கவேண்டியதுதான். பெருந்தன்மையோடு கையெழுத்திட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

மழை. கெசியா வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக அடுப்படியில் ஓடி குக்கரை இறக்கினாள். "எவ்வளவு நேரமாப்பா கத்துது?" என்றாள். எது என்று கேட்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்து அடைமழை. மரக்கதவுகள் உப்பிக்கொண்டு மூடமறுத்தன. ஆனாலும் கோயில் நிறைந்திருந்தது. பேராயர் ஆர்கனை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தார். பியூலா டீச்சர் வாசித்தார். எல்லாம் சிறப்பு. அந்த பீரோவுக்குள்ளிருந்து அவ்வளவு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைசி வரியில் அவர் மேலே, வலதுகோடிக்குப் போனதைப் பார்த்தேன். அவள் கட்டை. விரல் அழுந்தியது, எழுந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. எதிர்பார்த்ததுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

பேராயர் பிரசங்கம் ஆரம்பித்தார். சபையில் அபூர்வமான கவனம். ஒருவரும் தூங்கவில்லை. பிரசங்கத்தில் கண்திறந்திருக்கிறவராக லாசரஸ் அண்ணாச்சியை நான் இதுவரை பார்த்ததில்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் ஒருவர் முந்தானையைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். ஒரு கைக்குழந்தை முகம் சிவக்க அழுதது. பேராயரின் வார்த்தை இதயங்களைக் குத்துகிறது என்று நினைத்தேன். அவர் பிரசங்கிகளில் நடுத்தரம். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அப்புறம் பேராயர் நிறுத்திவிட்டார். ஆர்கனைப் பார்த்தார். எல்லோரும் ஆர்கனைப் பார்த்தார்கள். பியூலா டீச்சர் காற்றைத் திறந்து அடைக்கிற குமிழ்களை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பக்கத்திலிருந்த கெசியாவிடம் மெதுவாக, "என்ன?" என்று கேட்டேன். மெதுவாக இல்லை போலிருக்கிறது. பேராயரே திரும்பினார்.

கெசியா என் காதோடு வாய் வைத்து, "அம்மாவோட குழல்ப்பா. சிக்கிக்கிட்டு நிக்க மாட்டேங்குது" என்றாள்.

"சரி, சரி" என்றேன்.

குமிழ்கள் நகர்த்துகிற பலகையும் கட்டையும் மழையில் உப்பியிருக்கின்றன. கட்டை அழுந்தினது எழவில்லை. எழுந்ததாக எனக்குத் தோன்றியது கண்ணின் பிழை. இயற்பியலில் இதில் புதிர் ஒன்றும் இல்லை. நான் மூன்றுமுறை சத்தம் கூட்டவைத்த குழல், பேராலயம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு, நிறுத்தாமல் கூவிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன், அது பேசவேண்டுமே என்று.

ஜெசிந்தா எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு எதையோ உருவினார். சபை மூச்சுவிட்டது, அதைப் பார்க்க முடிந்தது, எல்லாத் தோள்களும் ஒன்றாகத் தாழ்ந்தன. அவர் நடுப்பாதை வழியாக நேரே என்னிடம் வந்தார். குழலை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்துவிட்டார்.

"கொஞ்ச நேரம் நீங்க வச்சிருங்க சார்" என்றார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் புரிந்தது.

மிச்சப் பிரசங்கத்தில் சபை தூங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான், குழல் சட்டைப்பையிலேயே இருப்பது தெரிந்தது. கெசியா அடுப்படியில் இருந்தாள். நான் கூடத்தில் நின்று, குழலின் அடிமுனையை உதட்டில் வைத்து ஊதினேன். வாய்க்குள் ஈயச் சுவை. வேறொன்றும் இல்லை. எதிர் வீட்டு மதில்மேல் படுத்திருந்த பூனை காதைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"யாருப்பா விசில் அடிக்கிறது?" என்று கெசியா வந்து நின்றாள்.

மறுபடியும் ஊதினேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

"அப்பா, போதும்ப்பா. காதைக் கிழிக்குது."

குழலைத் துடைத்து மேசைமேல் வைத்தேன். அவளை உட்காரச் சொன்னேன். ஜன்னலுக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் படும்படியாக.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில் அம்மா என்ன சொன்னாள்?"

"எப்போ?"

"சாயங்காலம். நீ கால்மாட்டில் நின்றாய். ஏதோ சொன்னாள். நான் சரி, சரி என்றேன். சிரித்தாள்."

கெசியா நனைந்த கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்தாள்.

"இப்ப எதுக்குப்பா அது?"

"சொல்."

"'நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா'ன்னு கேட்டாங்க."

"நான் சரி, சரி என்றேனா?"

"ஆமாப்பா."

"அதுக்குத்தான் சிரித்தாளா?"

"ஆமா." அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுதுகொண்டே. "எங்கிட்ட திரும்பி, 'பாத்தியாடி ஒங்கப்பாவ'ன்னாங்க. ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தாங்கப்பா, ஒங்களக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னு. ஒங்ககிட்டயும் சொன்னாங்க. நெறையத் தடவ."

"நான் என்ன சொன்னேன்?"

கெசியா துணியை மடித்து மேசைமேல், குழலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அக்டோபர் 28, திங்கள்

பால் வாங்க எழவில்லை.

அக்டோபர் 30, புதன்

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்காமல், சோதனை முடிந்துவிட்டதென்று எழுந்தேன். கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் உட்காரும்படி சைகை காட்டினார்.

கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். இடப்பக்கம் சமவெளி, நடுவில் சரிவு, வலக்கோடியில் பள்ளத்தாக்கு. என் மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் போட்ட அதே படம். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அதில் பெயர் எழுத இடம் விடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இதில் இருந்தது: சற்குணம், ஆண், 71.

காதுக் கருவி அடுத்த வாரம் வரும். எல்லாம் திரும்பிவிடாது, பேச்சு தெளியும், விசில் மாதிரியானவை சந்தேகம் என்றார் டாக்டர். மாநகராட்சிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி அவரிடம் பேசவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

குழலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜெசிந்தா கட்டையைச் சீவிச் சரிசெய்துகொண்டிருந்தார். கருவிப்பையெல்லாம் கட்டியாகிவிட்டது, சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு.

"உங்கள் குழலை ஊமை என்று சொன்னதற்கு..." என்று தொடங்கினேன்.

"ஐயோ விடுங்க சார். எங்கப்பாவும் இப்படித்தான். அவரு டிவியைத் தூக்கிப் போட்டுட்டாரு." பிறகு குழலைக் கையில் வாங்காமலே சொன்னார்: "சார், ஒண்ணு செய்யலாம். மேடம் பேரை நடுவுல உள்ள ஒரு குழலுக்கு மாத்திருதேன். உங்களுக்கு நல்லாக் கேக்கும். இதுல வேற யாரு பேராவது போட்டுக்கிடலாம்."

யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். நடுக்குழல்கள் அருமையானவை என்று நானே எழுதியிருக்கிறேன்.

"வேண்டாம்மா. அவள் இருக்கிற இடம் அதுதான். மற்ற எல்லாருக்கும் கேட்கிறதே."

"அப்ப சத்தத்தை?"

"குறையுங்க. முதலில் எப்படி இருந்ததோ அப்படி. அவள் கத்துகிறவள் இல்லை. நான்தான் கத்தவைத்தேன்."

கத்தியை எடுத்து உதட்டை லேசாக நெம்பி, ஊதிக் கேட்டார். மறுபடி நெம்பினார். அவர் முகம் இளகியதிலிருந்து, சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். உள்ளே பொருத்தும் முன், கட்டையை அழுத்திப்பிடித்து, என் விரலைப் பிடித்து, குழல் நிற்கவேண்டிய துளைமேல் வைத்தார். காற்று வந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஒரே சீராக.

வெளியே வரும்போது லாசரஸ் அண்ணாச்சி. அப்பாவைத் துடைக்க மஞ்சள் துணியோடு வந்திருந்தார்.

"என்ன சார்வாள், பொண்டாட்டியக் கொண்டுவந்து விட்டாச்சா? அன்னைக்கு என்ன சத்தம்! பேராயரையே நிறுத்திட்டாகளே! எங்கப்பாவுக்கு அவ்வளவு தைரியம் கெடையாது."

"உங்கள் அப்பாவின் குரல் நல்ல குரல் அண்ணாச்சி" என்றேன். "உடம்புக்குள் இறங்குகிறது."

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். கெசியா நேற்றிரவே ரயிலேறிவிட்டாள். மழை விட்டிருந்தது. பூ, மெழுகுவர்த்தி, ஒரு வாளி தண்ணீர், பழைய துணி எடுத்துக்கொண்டு போனேன். கல்லைக் கழுவினேன். ஈரத்தில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. மூன்றாவது தடவை நின்றது.

கல்லறையில் பேசுகிறவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடும்பம் குடும்பமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் தன் அண்ணனிடம் நிலத்தகராறு தீர்ந்த விதத்தை விவரித்துக்கொண்டிருந்தார்.

அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நான் சொன்ன பதில் அந்தக் கேள்விக்கு உரியது அல்ல. மாணவர்கள் இப்படி எழுதியிருந்தால் சுழி போட்டிருப்பேன்.

யாரும் பார்க்காத நேரம் பார்த்துக் குனிந்தேன்.

"கேக்கலை, எப்சி" என்றேன். "எனக்குக் கேக்கலை."